வழியில் போட்ட சொல்

பிளாரன்ஸுக்கு ஐந்து வயது. மாதா கோயிலுக்குக் கிழக்கே கடலைப் பார்த்த அந்தத் தெருவில், அவள் வாயைத் திறந்தால் கைவேலையை நிறுத்திக் காது கொடுக்காத ஆள் கிடையாது. பிள்ளை ஏதாவது சொல்லும், எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு ஒருவரும் உடனே எழுந்துபோக மாட்டார்கள். அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளைப் பெற்ற ஞானசௌந்தரிக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் காலை முத்தி செய்ய வரிசை நின்றது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற நேரம். பிளாரன்ஸ் குனிந்தாள், முத்தி செய்யாமல் நிமிர்ந்தாள்.

"யம்மா, போன வருசமும் இவுகளுக்கு இங்கனதான் ரத்தம் வந்துச்சு. இன்னுமா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?"

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். உபதேசியார் முறைத்தார். ஆனால் அடுத்துக் குனிந்த ஒரு தோணிக்காரர், சுரூபத்தின் காலில் வைத்த நெற்றியை எடுக்கவே இல்லை. அவரை எழுப்பித்தான் வரிசையை நகர்த்த வேண்டியிருந்தது.

இன்னொரு நாள், குசினியில் சங்குச் சதை வறுபட்டுக்கொண்டிருந்தபோது தகப்பனிடம் கேட்டாள்.

"யப்பா, சங்கு அதோட வீடுதானே? வீட்டைப் பிடுங்கி என்ன செய்வாக?"

"வடக்க வங்காளத்துக்குப் போவும்ளா. கல்யாணம் ஆன பொண்ணுவ கையில வளையலாப் போடுவாக."

"அப்ப அந்த வீட்டுக்குள்ள யாரு குடியிருப்பா?"

வளன் யோசித்தான். "அந்தப் பொண்ணு கைதான்."

"அப்பன்னா சரி. வீடு சும்மா கிடக்கல" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினாள்.

இப்படிப் பேசுகிற பிள்ளை வாய்த்த வீட்டில்தான் அந்த வருடம் பேச்சு நின்றுபோனது.

வளன் சங்கு குளிக்கிறவன். வள்ளத்தின் ஓரத்தில் தொங்கும் கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, கல்லோடு கடலடிக்குப் போவான். கழுத்தில் ஒரு வலைப்பை, இடுப்பில் ஒரு கயிறு. மூச்சு தாங்கும் வரை மணலைத் துழாவிச் சங்கு பொறுக்கிவிட்டு, இடுப்புக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே இருப்பவன் அந்தச் சுண்டலைக் கையில் வாங்கி, மறுகணம் அவனை இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். உயிர் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. அதனால் கயிறு பிடிக்கிறவன் மச்சானாக இருக்கவேண்டும் என்பது அந்தக் கடற்கரையின் வழக்கம். காரணம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கூடப்பிறந்தவள் தாலியறுத்து நிற்பதை எவனும் பார்க்க விரும்பமாட்டான். அண்ணன் தம்பி என்றால் பாகப்பிரிவினைச் சண்டை வரும், மச்சானுக்கு அந்த வம்பும் இல்லை.

வளனுக்குக் கயிறு பிடித்தவன் ஞானசௌந்தரியின் அண்ணன் பாஸ்கல். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் கைதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே நான்கு வீடுகள், ஒரே வள்ளம், ஒரே கொதிப்பில் குழம்பு. இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு இரண்டு வீட்டிலும் உறங்குகிறவள் பிளாரன்ஸ்.

வினை சித்திரை மாதத்தில் வந்தது. சங்குக் காலம் முடியப்போகிற நாட்கள். கடலடியில் வளன் ஒரு நல்ல சங்குப் படுகையைக் கண்டான். கை வைத்த இடமெல்லாம் சங்கு. இரண்டைப் பையில் போட்டிருப்பான், அதற்குள் இடுப்பில் கயிறு இறுகி விறுவிறுவென்று மேலே போய்க்கொண்டிருந்தான். அவன் சுண்டவே இல்லை. மறுபடி இறங்குவதற்குள் நீரோட்டத்தில் வள்ளம் விலகிப்போய், அந்த இடம் பக்கத்து வள்ளக்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் சங்கை அள்ளிக்கொண்டே, "வளனோட மச்சான் தொட்டில் ஆட்டுதான்லே" என்று சிரித்தார்கள்.

"நான் சுண்டுனேனா?" என்று கேட்டான் வளன்.

"சுண்டுன" என்றான் பாஸ்கல்.

"பொய் சொல்லாதலே. பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குக் கயிறு? சேலை உடுத்திட்டு வீட்டுல இரு."

கரையில் பத்துப் பேர் நிற்கும்போது இதைச் சொன்னான். பாஸ்கல் கயிற்றை அப்படியே மணலில் விட்டுவிட்டு நடந்தான். அந்த வருடந்தான் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கியிருந்தது. மறுவாரமே அவன் அங்கே நிலக்கரி இறக்கப் போய்விட்டான். கடல்தொழிலில் பிறந்தவன் கரிமூட்டைக்குக் கீழே போய் நின்றான், அத்தனை கோபம்.

பேச்சு நின்றது, ஆனால் விஷயம் நிற்குமா? வள்ளத்துக்குப் பொதுவில் எண்ணெய் பூசவேண்டும், வலை ஒரு வீட்டில் கிடக்கும், வலை தைக்கிற ஊசி இன்னொரு வீட்டில் கிடக்கும். இரண்டு ஆண்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பிளாரன்ஸ் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். "உன் மாமன்கிட்ட சொல்லு" என்று இவன் தொடங்குவான். "உங்கப்பன்கிட்ட சொல்லு" என்று அவன் முடிப்பான். பிள்ளை கவுனைப் பிடித்துக்கொண்டு போகும், வரும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசி ஓய்கிற வரை இதுதான் நடந்தது. ஞானசௌந்தரிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. தன் புருசனின் வாயும் தெரியும், அண்ணனின் வாயும் தெரியும். இத்தனை மாதத்தில் இரண்டு பேரும் அரிவாளைத் தூக்கியிருக்க வேண்டும். ஏன் தூக்கவில்லை?

கச்சான் ஓய்ந்து கடல் தெளிந்தது. அக்டோபர், ஜெபமாலை மாதம். வருகிற திங்கட்கிழமை புதுச் சங்குக் காலத்தின் முதல் கல்லை இறக்குவதென்று கரையில் முடிவானது. வளன் தெற்குத் தெரு அற்புதமணியைக் கயிறு பிடிக்கப் பேசிவிட்டு வந்தான். அற்புதமணி நல்லவன், கையில் பலம் உள்ளவன், ஒட்டுமில்லை உறவுமில்லை. அன்றிலிருந்து ஞானசௌந்தரிக்குச் சோறு இறங்கவில்லை. புருசனுடைய வலைப்பையில் இற்றுப்போன கண்ணிகளைப் பிரித்து முடிந்துகொண்டிருப்பாள், ஒரே கண்ணியை மறுபடி மறுபடி அவிழ்த்து முடிவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாஸ்கல் வீட்டு ஓலைவேலிக்குப் பின்னால் அவள் சாளை மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பிளாரன்ஸின் குரல் கேட்டது.

"மாமா, அற்புதமணி மாமா கயிறு பிடிக்காகளாம்."

 பாஸ்கல் வெடித்தான்.

"எவன் பிடிச்சா எனக்கென்ன? உங்கப்பன் கடலுக்கடியில கிடந்து மீன் தின்னாலும் நான் வந்து எட்டிப் பாக்க மாட்டேன்னு போய்ச் சொல்லு."

ஞானசௌந்தரி கையிலிருந்த மீனைக் கீழே விட்டாள். இந்தச் சொல் வளன் காதில் விழுந்தால் இரண்டில் ஒரு வீடு தெருவில் இருக்காது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். பிள்ளை அவளுக்கு முன்னால், வலை காயும் மணலைச் சுற்றிக்கொண்டு, அவசரம் இல்லாமல் வாசலை எட்டியிருந்தது. இவள் வாசலை மிதிக்கவும் உள்ளே வளன் கேட்பது காதில் விழுந்தது.

"என்னளா சொன்னான்?"

"கேட்டுக்கிட்டாகப்பா. கருப்பட்டி தந்தாக."

"ம்" என்றான் வளன். அவ்வளவுதான்.

ஞானசௌந்தரி பிள்ளையைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

"ஏளா, மாமா சொன்னது பூரா அப்பாகிட்ட நீ சொல்லலையே."

"எது?"

"கடலுக்கடியில கிடந்து என்னமோ சொன்னாகளே."

"அதுவா. அது கனமா இருந்துச்சும்மா. வழியிலேயே போட்டுட்டேன்."

"எங்கன போட்ட?"

"வலை காயப்போடுற இடத்துல. அங்கன மணலு மெத்துன்னு கிடக்கும். யாரு காலுலயும் குத்தாது."

 பிள்ளை கருப்பட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"அப்பா சொல்லி அனுப்புனதையும் போட்டியா?"

"அற்புதமணி மாமா பேரைச் சொல்லி, அவனாவது ஆம்பளைன்னு சொல்லச் சொன்னாக. அதைப் போகும்போதே போட்டேன். பேரை மட்டும் கொண்டுபோனேன். நான் சின்னப்பிள்ளைதானே, எல்லாத்தையும் தூக்க முடியுமா?"

பாஸ்குத் திருநாள் கழிந்த சித்திரையிலிருந்து எத்தனை நடை, எத்தனை சொல். அத்தனையும் அந்த மணலில்தான் கிடக்கிறது. கோயிலில் பிரசங்கம் கேட்டுக் கேட்டு முடி நரைத்தவர்களுக்கு வராத காரியம், மூக்கு ஒழுகுகிற ஒரு பிள்ளைக்குத் தானாக வந்திருக்கிறது. ஞானசௌந்தரி அவளை அள்ளி எடுத்து உச்சியை மோந்தாள். அவளுக்குத் தன் வயிற்றை நினைத்தே ஆச்சரியமாக இருந்தது.

ஆச்சரியம் ஒரு பக்கம் இருக்க, மனித மனம் சும்மா இருக்குமா? மறுநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மாமாகிட்ட போயி, அப்பா உங்களைக் கயிறு பிடிக்க வரச் சொன்னாகன்னு சொல்லிட்டு வாரியா?"

"அப்பா எப்ப சொன்னாக?"

"சொன்னாகன்னு வச்சுக்கோயேன்."

"சொல்லலையேம்மா."

"நீதான் கனமானதைப் போட்டுட்டுப் போறியே. அது மாதிரி இதையும் ஒண்ணு."

பிளாரன்ஸ் சீப்பிலிருந்து தலையை விடுவித்துக்கொண்டு திரும்பித் தாயைப் பார்த்தாள். கோபம் இல்லை. விளங்காத ஆளுக்கு விளக்குகிற பொறுமை அந்த முகத்தில் இருந்தது.

"அது இருந்துச்சு, போட்டேன். இது இல்லவே இல்லையே. இல்லாததை எப்படித் தூக்க?"

ஞானசௌந்தரிக்குக் காது மடல் சுட்டது. பின்னலை முடிக்காமல் எழுந்தாள். இனிப் பிள்ளையை அனுப்பிப் பயனில்லை, தானே போகவேண்டியதுதான்.

பாஸ்கல் துறைமுகத்திலிருந்து வந்து கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். எத்தனை வாளி ஊற்றினாலும் கழுத்து மடிப்பில் கரி போகவில்லை. அவன் பெண்சாதி ஆக்னஸ் மதினி நார்த்தேய்ப்போடு பக்கத்தில் நின்றாள். ஞானசௌந்தரி வந்த முகத்தைப் பார்த்ததும், கருப்பட்டிக் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

"அண்ணே, திங்கட்கிழமை கல்லு இறக்குதாக."

"தெரியும்."

"பிறத்தியான் கையில கயிறைக் குடுத்துட்டு நான் கரையில எப்படி நிப்பேன்?"

பாஸ்கல் வாளியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். உள்ளங்கையில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்தான்.

"ஞானம், அன்னைக்கு அவன் சொன்னதுதான் நிசம். அவன் சுண்டல. கயிறு அசையவே இல்ல."

"பிறகு ஏன் இழுத்தீக?"

"அசையாம இருந்துச்சே, அதான். அப்பாவுக்கு அப்படித்தான இருந்துச்சு."

அவர்களுடைய தகப்பனார் முத்துக் குளிக்கப் போய் இறந்தவர். அந்த வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன் பாஸ்கல். கயிறு பிடித்தவர் தாய்மாமன்.

"மாமன் ஒரு தப்பும் செய்யல. முறையாக் காத்துக்கிட்டிருந்தாக. சுண்டுனாத்தான இழுக்கணும், அதான தொழில். அப்பா சுண்டல. இழுக்கும்போது நேரம் போயிருச்சு. எனக்குக் கயிறு அசையாம இருந்தா அப்பா மூஞ்சிதான் வருது. கை என் பேச்சைக் கேக்காது."

"இதை அன்னைக்கே அவுககிட்ட சொல்லியிருக்கலாமே."

"பத்துப் பேரு முன்னால பயந்தாங்கொள்ளின்னான். ஆமா, பயந்துதான் இழுத்தேன்னு எந்த வாயால சொல்ல? நீயும் சொல்லாத. நான் பிடிச்சா இனிமேலும் முந்தித்தான் இழுப்பேன். அவனுக்கு அது அவமானம். அற்புதமணி தைரியமான ஆளு, அவனே பிடிக்கட்டும்."

காப்பி ஆறிப்போனது. அண்ணன் வெட்கப்பட்டுச் சொன்னதை வீட்டில் போட்டு உடைக்க ஞானசௌந்தரிக்கு மனம் வரவில்லை. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலை முடிந்து வந்ததும் வளன் பசிக்கிறது என்றான். விளக்கேற்றுகிற நேரம்தான். சாளைப் புளிக்குழம்பும் சம்பாச் சோறும் வைத்தாள். மறுநாள் கடல் என்றால் வளனுக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். பிளாரன்ஸைப் பக்கத்தில் உட்காரவைத்து, முள் எடுத்து ஊட்டிக்கொண்டே அற்புதமணியைப் புகழ்ந்தான்.

"அவன் நிக்குற நிலையே தனி. கயிறைப் பிடிச்சான்னா பாறை மாதிரி. பயம்னா என்னன்னே தெரியாது அவனுக்கு."

பிளாரன்ஸ் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"நீங்க தண்ணிக்குள்ள கிடந்தாலும் பயப்பட மாட்டாகளா?"

"கொஞ்சமும் மாட்டான்."

"அப்ப அவுகளுக்கு உங்க மேல பிரியம் இல்லப்பா."

வளன் சிரித்தான். "அது எப்படிளா? பயத்துக்கும் பிரியத்துக்கும் என்ன?"

"நான் கிணத்தை எட்டிப் பாத்தேன்னா அம்மாவுக்குப் பயம் வந்துரும். ஓடி வந்து இழுத்துருவாக. நான் விழ மாட்டேன்னு எனக்குத் தெரியும், ஆனாலும் முந்தியே இழுத்துருவாக. எதுத்த வீட்டு அத்தைக்குப் பயமே வராது. நல்லாப் பாருளான்னு சொல்லுவாக."

"ஏன் அப்படி?"

"நான் அவுக பிள்ளை இல்லல்லா."

சொல்லிவிட்டு அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தாள். உருண்டை வரவில்லை. வளனுடைய கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஞானசௌந்தரி நிமிரவில்லை, குழம்புச் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மை சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டான் வளன். 

"இல்லப்பா. கிணத்தடியில நானே பாத்தேன்."

அவன் அதற்குமேல் சாப்பிடவில்லை. எழுந்து போய்க் கை கழுவினான். கழுவிய கையைத் துடைக்காமல் வாசலில் நின்று கடல் இருக்கிற திக்கைப் பார்த்தான்.  கடைசியில் திரும்பிப் பிள்ளையைக் கூப்பிட்டான்.

"மாமன்கிட்ட சொல்லு. விடிய கல்லு ஏத்துதோம்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

வளன் தொண்டையைச் செருமினான். "கயிறு பிடிக்க வாரானான்னு கேட்டேன்னு சொல்லு."

பிளாரன்ஸ் இறங்கி ஓடினாள். போன வேகத்தில் திரும்பியும் வந்தாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சோறு தின்னுக்கிட்டிருந்தாக. பிறகு தின்னல."

வளன் படுக்கப் போனான். ஞானசௌந்தரி பிள்ளையின் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"நிசமாச் சொல்லு. வழியில எதையும் போட்டுட்டு வந்துட்டியா?"

"இல்லம்மா. போடுறதுக்கு ஒண்ணும் தரலையே."

விடியும்போது கடற்கரையில் மெழுகுவர்த்தி வாசமும் மீன் வாசமும் கலந்து கிடந்தது. பங்குச் சாமியார் வந்து வள்ளங்களை மந்திரித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு வள்ளமாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. வளன் கல்லை ஏற்றினான், கயிற்றை ஏற்றினான். வள்ளத்தில் சரிபார்க்க ஒன்றும் மிச்சம் இல்லை, ஆனாலும் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அற்புதமணி கயிற்றைக் கையில் எடுத்துத் தயாராக நின்றான். ஞானசௌந்தரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தாள். துறைமுகத்துக்குப் போகிறவர்கள் கும்பலாகச் சைக்கிளில் போனார்கள். அதில் பாஸ்கல் இல்லை.

அவன் மணல் வழியாக வந்தான். இடுப்பில் பழைய கடல் வேட்டி, தலையில் துண்டு. யாரையும் பார்க்காமல் நேரே வள்ளத்துக்குப் போய் நின்றான். கரையில் இருந்த எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள். ஒரு காதும் குனியவில்லை.

"வளன்."

"என்ன மச்சான்."

"நான் முந்தித்தான் இழுப்பேன். நீ சுண்டாட்டாலும் இழுப்பேன். பயந்துக்கிட்டுத்தான் இழுப்பேன். எனக்கு அப்படித்தான் வரும்."

கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். சொல்லிவிட்டு, அடி வாங்கப்போகிறவனைப்போல நின்றான்.

வளன் அற்புதமணியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். அற்புதமணி முகம் கோணாமல் துடுப்புப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். வளன் கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பில் கட்டினான். மறுநுனியை மச்சானிடம் நீட்டினான்.

"இழு" என்றான்.

அன்றைக்கு முழுவதும் ஞானசௌந்தரி வேலை செய்தாள். மீனைப் புரட்டிப்போட்டாள், தண்ணீர் சுமந்தாள், உலை வைத்தாள். பயம் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் பாதியை நடுக்கடலில் இன்னொருவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்பதில் மூச்சு ஒழுங்காக வந்தது.

பொழுது சாய வள்ளங்கள் திரும்பின. சங்கு வாங்கும் கிட்டங்கி ஆட்கள், சங்கை அளந்து எடுக்கிற வளையத்தோடு வந்து நின்றார்கள். மற்ற வள்ளக்காரர்கள் மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். வளனுடைய வள்ளத்தில் இறங்கியது பாதி மூட்டை. நாள் முழுக்கப் பாஸ்கல் முந்தியே இழுத்திருக்கிறான், ஒருமுறை வளன் கால் தரையில் படுவதற்குள்ளேயே இழுத்துவிட்டானாம். அதை வளனே சொல்லிச் சிரித்தான். கண்கள் கடல்நீரில் சிவந்து, தலையில் உப்புப் பூத்து, மச்சானும் மச்சானும் மணலில் உட்கார்ந்து ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தார்கள்.

வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண் பிளாரன்ஸைச் சீண்டினாள். பிள்ளை என்ன சொல்லுகிறது என்று கேட்க எல்லோருக்கும் ஆசைதான்.

"ஏளா, எல்லாரும் எவ்வளவு இறக்குதாக, பாத்தியா? உங்க வள்ளத்துல இம்புட்டுத்தானா வந்துச்சு?"

பிளாரன்ஸ் பாதி மூட்டையைப் பார்த்தாள். திரும்பித் தகப்பனை உச்சி முதல் பாதம் வரை, விரல்கள் உட்பட, நிதானமாகப் பார்த்தாள்.

"சங்கு பாதிதான் வந்திருக்கு" என்றாள். "அப்பா முழுசா வந்திருக்காக."

ஒருவரும் சிரிக்கவில்லை. பாஸ்கல் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்துபோய், நாளைக்கும் வேண்டுமே என்று, நனைந்த கயிற்றை மணலில் நீளமாக விரித்துக் காயப்போட்டான்.